ரப்பர் கேட்காத மாப்பிள்ளை

அந்த நடு ஷீட்டை மட்டும் கொஞ்சம் குடுக்கறீங்களா தம்பி? செய்தியெல்லாம் நீங்களே படிங்க, எனக்கு அது வேணாம். பின்பக்கம் சுடோகு இருக்கும், அதுக்குத்தான் கேட்டேன். ஓ, நீங்களே போட்டுக்கிட்டிருக்கீங்களா? அப்ப வேணாம், வேணாம். ஒருத்தர் போட்டுக்கிட்டிருக்கற கட்டத்துல இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. நான் சும்மா எட்டிப் பாத்துக்கிட்டு வர்றேன். திண்டுக்கல்தானே? நானும் அங்கதான்.

ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஒரு இடத்துல தப்பா போட்டிருக்கீங்க. எந்த இடம்னு சொல்ல மாட்டேன். சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு? நீங்களே கண்டுபிடிங்க. பஸ் திண்டுக்கல் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ தூரம் கெடக்கு.

உங்க வயசுல இதைத் தொட்டிருக்கீங்களே, அதுவே பெரிய விஷயம். எல்லாப் பயலும் செல்போனைத் தேய்ச்சுக்கிட்டு வர்றான். நான் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். நிலம் அளக்கற வேலை. நம்ம ஒரு கல்லு நட்டா ரெண்டு பக்கத்துக்காரனும் நம்மளைத்தான் திட்டுவான். வீட்டுக்கு வந்தா தலை கொதிக்கும். அப்பத்தான் பேப்பர்ல இந்தக் கட்டம் வர ஆரம்பிச்சுச்சு. ஒன்பது வரிசை, ஒன்பது பத்தி, ஒன்பது சின்னப் பெட்டி, எதுலயும் ஒரு நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. யாரும் கல்லைப் பிடுங்கி நகத்தி வைக்க மாட்டாங்க. பிடிச்சுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் விடலை.

இதோட பலன் என்னன்னு என்னைக் கேளுங்க. மொதல்ல ஞாபகம். எனக்கு மறதிங்கற பேச்சே கிடையாது. எந்தப் புதிரை எப்படிப் போட்டேன்னு போன மாசத்துது கேட்டாலும் சொல்லுவேன். என் பொண்ணு வினோதினி எம்.எஸ்சி. படிச்சா, எம்.சி.ஏ.வா, ரெண்டுல ஒண்ணு, அது இப்ப எதுக்கு. ரெண்டாவது, பொறுமை. மூணாவது, ஆளைப் பாத்தவுடனே எடை போடற புத்தி. எல்லாத்துக்கும் மேல, கோவம் போயிடும். சத்தியமாச் சொல்றேன், போயே போயிடும்.

முன்னாடியெல்லாம் நான் கத்துவேன் தம்பி. சாம்பார்ல புளி தூக்கலா இருந்தா தட்டு பறக்கும். குணவதி, அதான் என் சம்சாரம், அடுப்படியை விட்டு வெளிய வர மாட்டா. இந்தக் கட்டம் போட ஆரம்பிச்ச பிறகு ஒரு வார்த்தை சத்தமாப் பேசினது கிடையாது. சரியில்லையா, தட்டை மெதுவாத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிடுவேன். பேச மாட்டேன். என்ன தப்புன்னு அவளா யோசிக்கணும். யோசிப்பா. ஒரு நாள் ஆகும், சில சமயம் வாரம் ஆகும். காப்பியை வச்சிட்டு, "நேத்து உங்க அக்கா போன் பண்ணினதைச் சொல்லாம விட்டேனே, அதுவா?" அப்படீம்பா. நான் இல்லைன்னு தலையாட்டுவேன். திருப்பி யோசிப்பா. கரெக்டா வந்து சொன்னான்னா அன்னிக்கே பேசிடுவேன். மனசுல எதையும் வச்சுக்கற ஆள் இல்ல நான்.

அவ ஒருதரம் சொன்னா, நீங்க கத்தினப்பவே நல்லா இருந்துச்சுன்னு. என்னத்தைச் சொல்ல? கத்தினாலும் குத்தம், கத்தலைன்னாலும் குத்தம். 

பாத்துப் போடுங்க. நீங்க இப்ப போடப் போற நாலு எங்கேயும் ஓடிப் போகாது. தப்பு இன்னும் அங்கயேதான் இருக்கு.

வினோதினிக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்ப நான் ஒரு முடிவு பண்ணினேன். ஜாதகம் பாருங்க, சம்பளம் பாருங்க, வேணாங்கலை. ஆனா பையன் எப்படிப்பட்டவன்னு ஜாதகம் சொல்லுமா? பொண்ணு பாக்க வந்து பஜ்ஜியைத் தின்னுட்டு, "பொண்ணு பாடுமா"ன்னு கேட்டுட்டுப் போறவனைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? அதனால பஜ்ஜி வர்றதுக்கு முன்னாடி பையன் கையில ஒரு பென்சிலும் ஒரு சுடோகுவும் குடுத்துடுவேன். ரப்பர் குடுக்க மாட்டேன். அதுதான் சூட்சுமம். ரப்பர் கேக்கறானா, கேக்கலையான்னு பாப்பேன்.

சிரிக்காதீங்க. எத்தனை பேர் மாட்டினாங்க தெரியுமா? ஒருத்தன் செல்லை எடுத்து போட்டோ பிடிச்சான், அதுல என்னவோ போட்டா விடை வந்துடுமாம். வாசலைக் காட்டிட்டேன். ஒருத்தன் அவங்கப்பாகிட்ட நீட்டினான். கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பாகிட்டத்தான் நீட்டுவான். இன்னொருத்தன் நாலு நம்பர் போட்டுட்டு, "மாமா, இதெல்லாம் எதுக்கு"ன்னான். குணவதி அடுப்படியில பஜ்ஜியை வச்சுக்கிட்டு, ஆறிப்போச்சு, ஆறிப்போச்சுன்னு முனகிக்கிட்டிருப்பா. ஆறினா என்ன, பொண்ணு வாழ்க்கை பெரிசா பஜ்ஜி பெரிசா?

இதோ மணப்பாறை வந்துடுச்சு. முறுக்கு வேணாம்ப்பா, எனக்குப் பல்லு தாங்காது. தம்பிக்கு வேணுமா பாரு. வேணாமா? சரி, போ.

இந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்தான். நவநீதன்னு பேரு. மாட்டு டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் வீடுன்னு சொன்னாங்க, நான் போய்ப் பாக்கலை, அந்த அளவுக்கு அது வரவே இல்ல. வந்து உக்காந்தான், கட்டத்தைக் குடுத்தேன். மொதல் விஷயம், அவனுக்கு இது என்னன்னே தெரியலை. சொல்லிக் குடுத்தேன். ரெண்டாவது, குத்துமதிப்பாப் போட ஆரம்பிச்சான். தெரியாம எப்படிப்பா எழுதறதுன்னு கேட்டா, "மாடு வாயைத் திறந்து எங்க வலிக்குதுன்னு சொல்லவா போகுது மாமா, ஒண்ணைக் குடுத்துப் பாப்போம், கேக்கலைன்னா மாத்திக் குடுப்போம்"னான். அப்புறம் கேட்டான் பாருங்க, ரப்பர். ரப்பர் இல்லைன்னு சொன்னதும் எச்சில் தொட்டு அழிச்சான். பேப்பர் கிழிஞ்சு போச்சு.

அதோட விட்டானா? காப்பி கொண்டு வந்த வினோதினியைப் பாத்து, "நீங்க சர்வேயர் பொண்ணுதானே, இந்த மூலையில என்ன வரும், சொல்லுங்களேன்"ன்னு கேட்டுப்புட்டான். சபையில. அவளும் டபராவைக் கீழ வச்சிட்டு, குனிஞ்சு பாத்து, பென்சிலை அவன் கையிலேருந்து வாங்கி ஒரு நம்பரை எழுதினா. அவன், "அப்ப இது தப்பா?"ன்னான். அவ, "இது மட்டுமில்ல, எல்லாமே தப்பு"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்படி ஒரு சிரிப்பு. குணவதி அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்துட்டு அவளும் சிரிக்கறா. பையனோட அம்மா சிரிக்கறாங்க. எனக்கு மட்டும் சிரிக்கறதுக்கு என்ன இருக்குன்னு புரியலை. பரீட்சையில பக்கத்துல பாத்து எழுதினவனுக்கு மார்க்கு போடுவாங்களா?

வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். வினோதினி டபராவை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. குணவதிதான் ரெண்டு நாள், அது நல்ல பையன்ங்க, நல்ல பையன்ங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் பேசலை. ஏன் பேசலைன்னு அப்புறம் அவளே கண்டுபிடிச்சுக்கிட்டா.

அப்புறம் வந்தார் ஜெகதீசன். இப்ப நான் போறேனே, திண்டுக்கல், அங்கதான் வேலை, ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ். உள்ள வந்தார். செருப்பை ஜோடி சேத்து விட்டார். கட்டத்தைக் குடுத்தேன். ஒரு வார்த்தை பேசலை. யாரையும் நிமிந்து பாக்கலை. வினோதினி காப்பியோட வந்து நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா, அவர் நிமிரவே இல்ல. கடைசிக் கட்டம் வரைக்கும் போட்டு முடிச்சிட்டு, பென்சிலைப் பக்கத்துல நேரா வச்சிட்டுத்தான் காப்பியை எடுத்தார். அது ஆறிப் போயிருந்துச்சு. ரப்பர் கேக்கலை தம்பி. ஒரு இடத்துல அடிச்சுத் திருத்தல் இல்ல. அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த பேப்பரை இன்னும் வச்சிருக்கேன்.

தப்பே பண்ணாத ஒருத்தன் கையில பொண்ணைக் குடுக்கறதைவிட ஒரு தகப்பனுக்கு வேற என்ன வேணும்?

கல்யாணம் ஆன புதுசுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் திண்டுக்கல் போயிடுவேன். மாப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்துடுவோம். மத்தியானம் வரைக்கும் பேச்சே கிடையாது. ஃபேன் ஓடற சத்தம் மட்டும்தான். அவ்வளவு நிம்மதியா இருக்கும் அந்த வீடு. வினோதினி அடுப்படியில இருப்பா. அவளும் சத்தம் போடாமத்தான் இருந்தா. பாத்திரம்கூட சத்தமில்லாமத்தான் கழுவுவா. மாப்பிள்ளை நல்லாப் பழக்கியிருக்கார்னு நான் நெனைச்சுக்குவேன்.

அப்புறம்தான் அந்த விஷயம் வந்துச்சு. சொல்றதுக்கே ஒண்ணுமில்லாத விஷயம். மாப்பிள்ளை ஒருநாள் காலையில பாதி போட்டு வச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கார். இவ அந்தக் கட்டத்துல ஒரு நம்பரை எழுதி வச்சிருக்கா. ஒரே ஒரு நம்பர். எழுதிட்டு, அவர் வந்து பாப்பார்னு அங்கயே நின்னுக்கிட்டிருந்திருக்கா. நம்பர் சரியான நம்பர்தான், அதை மாப்பிள்ளையே என்கிட்ட சொன்னார். ஆனா கேக்காம எழுதலாமா? நீங்க சொல்லுங்க. நான் உங்ககிட்ட பேப்பர் வாங்காம ஒதுங்கிட்டேனா இல்லையா? இவ ஸ்கூல்ல படிக்கறப்ப என் கட்டத்துலயும் ஒருதரம் இப்படி எழுதிட்டு வந்து, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னா. நான் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பேப்பரை நாலா மடிச்சு ஓரமா வச்சிட்டேன். அதுக்கப்புறம் எழுதினதே இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு என்ன புத்தி வந்துச்சோ.

மாப்பிள்ளை கத்தலை. கையை நீட்டலை. அதெல்லாம் அவர்கிட்ட கிடையவே கிடையாது. பேசறதை நிறுத்திட்டார், அவ்வளவுதான். என்ன தப்புன்னு நீயே கண்டுபிடின்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் வாயைத் திறக்கலை.

இவளுக்கு எழுதினது தப்புன்னு தோணவே இல்ல போலிருக்கு. அதைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லியிருக்கா. ரசத்துல உப்பா, உங்கம்மாகிட்ட சரியாப் பேசலையா, சட்டை பட்டன் தைக்கலையா, நான் குண்டாயிட்டேனான்னு. வாரம் போச்சு, மாசம் போச்சு. அவர் மில்லுக்குப் போவார், வருவார், சாப்புடுவார், பேப்பரை எடுத்துக்கிட்டு உக்காருவார். ஒருநாள் எனக்குப் போன் பண்ணினா.

"அப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கப்பா. என்னன்னு தெரிஞ்சா மன்னிப்புக் கேட்டுக்கறேன். எனக்குத் தலையெல்லாம் என்னவோ பண்ணுதுப்பா."

தகப்பன் இல்லையா, மனசு கேக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமையே போனேன். மாப்பிள்ளையை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கலை, சொன்னார். சொல்லிட்டு, "அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா, அவளாக் கண்டுபிடிச்சாத்தான் மனசுல நிக்கும்"னார். நியாயம்தானே? நானும் அதைத்தானே ஆயுசு பூரா செஞ்சேன். கீழ இறங்கி வந்தேன். வினோதினி படிக்கட்டுக்குக் கீழயே நின்னுக்கிட்டிருந்தா. கையில தண்ணி டம்ளர். என் மூஞ்சியையே பாத்தா.

"யோசிம்மா. கஷ்டமான விஷயம் இல்ல"ன்னு சொன்னேன்.

அந்த டம்ளர் தண்ணியை நான் வாங்கிக் குடிச்சிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பையோட உறையூருக்கு வந்துட்டா, எங்க வீட்டுக்கு. கையெல்லாம் குச்சி மாதிரி. முடி பாதியாப் போயிருந்துச்சு. குணவதி பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் கேட்டேன், ஏம்மா, அவர் அடிச்சாரா? இல்லப்பா. குடிச்சாரா? இல்லப்பா. நகை கேட்டாரா? இல்லப்பா. அப்ப என்னதாம்மா உன் குறை? "அந்த வீட்டுல தப்பு பண்றதுக்கு இடமே இல்லப்பா"ங்கறா. தப்பு பண்றதுக்கு எதுக்கும்மா இடம்? இது ஒரு பதிலா?

வக்கீலைப் பாத்தா, விவாகரத்துக்குப் போட்டுட்டா. மாப்பிள்ளை அதுக்கும் கத்தலை. அவர் தரப்பு வக்கீல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், பெரியவரே, உங்க மாப்பிள்ளை உங்க பொண்ணை என்னிக்காவது கொடுமைப்படுத்தியிருக்காரா, நீங்களே வாரா வாரம் போய்ப் பாத்தவராச்சேன்னு. இல்லைன்னேன். அதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களான்னார். சொல்லுவேன்னேன். உள்ளதைச் சொல்றதுக்கு என்ன பயம்? எத்தனையோ எல்லைத் தகராறுல கூண்டு ஏறி, அளந்தது அளந்தபடி சொன்னவன் நான். சொந்தப் பொண்ணுங்கறதுக்காகக் கல்லை நகத்தி வைக்க முடியுமா?

அதுக்குத்தான் இப்ப போறேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுல பைக்கோட நிப்பார். அவரும் தனியாத்தான் இருக்கார் பாவம், நானும் தனியாத்தான் இருக்கேன். கோர்ட்டு முடிஞ்சா ரெண்டு பேரும் உக்காந்து இன்னிக்குப் பேப்பரைப் போட்டுட்டு, சாயந்திரம் கெளம்பலாம்னு இருக்கேன்.

நான் தனியா எப்படின்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்றேன். கோர்ட்டுக்குப் போறதா இருக்கேன்னு போன வாரம் குணவதிகிட்ட சொன்னேன். மறைக்கலை. அவ அப்ப கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. ஆயறதை நிறுத்தலை. பூராத்தையும் ஆஞ்சு, கழுவி, சமைச்சு, எனக்குச் சோத்தைப் போட்டா. நான் சாப்பிட்டு முடிச்சப்புறம் தட்டைக் கழுவிக் கவுத்தா. கேஸ் சிலிண்டரை மூடினா. பால்காரருக்குப் போன் பண்ணி, நாளையிலேருந்து அரை லிட்டர் போதும்னா. உள்ள போயி ரெண்டு பையைக் கட்டினா. வினோதினி செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா. பொண்ணு இப்ப டீச்சரா சேந்திருக்கற ஸ்கூலுக்குப் பக்கத்துல, ஸ்ரீரங்கத்துல, ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்க ரெண்டு பேரும். எனக்குத் தெரியவே தெரியாது.

சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ஒரு வார்த்தை திட்டலை. முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவ, பையைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போறா. எனக்குத் தாங்கலை தம்பி. வாய்விட்டுக் கேட்டேன். "நான் உள்ளதைத்தானே சொல்லப் போறேன், இதுல நான் என்ன தப்பு பண்ணிட்டேன் குணவதி?"

அவ திரும்பிப் பாத்தா. மூஞ்சியில கோவம் இல்ல. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

"நீங்களே கண்டுபிடிங்க"ன்னா.

அவ்வளவுதான். போயிட்டா. போன் பண்ணினா எடுக்கறதில்ல. ஸ்ரீரங்கம் போயிக் கதவைத் தட்டினேன். உள்ள ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு, தட்டினதும் நின்னு போச்சு. கதவு திறக்கலை. என்ன அநியாயம் பாருங்க. என்ன தப்புன்னு சொன்னாத்தானே ஒரு மனுஷன் திருத்திக்க முடியும்? சொல்லாமப் போனா எப்படிக் கண்டுபிடிக்கறது? நானும் விடலை. உக்காந்து பாத்தேன். பொண்ணு பாத்ததிலேருந்து, கல்யாணம், ஞாயித்துக்கிழமை, மொட்டை மாடி, வக்கீல் ஆபீஸ், வரிசை வரிசையாப் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஒரு இடத்துல தப்பு இல்ல. ராத்திரியில தூக்கம்தான் வர மாட்டேங்குது.

அட, எங்க எந்திரிச்சிட்டீங்க? இது வடமதுரைதான், திண்டுக்கல் இன்னும் வரலை. நீங்க திண்டுக்கல்னுதானே சொன்னீங்க? பின்னாடி சீட்டுக்கா? ஏன், இங்க காத்து வருதே. பேப்பரை எதுக்கு என் மடியில வைக்கறீங்க, இன்னும் பாதிகூட முடிக்கலையே. உங்க தப்பு அப்படியே இருக்கு பாருங்க. நான் வேணா சொல்லிடறேன், இதோ இந்த ஏழுதான். வாங்க, உக்காருங்க.

தம்பி. நான் எதாவது தப்பாச் சொல்லிட்டேனா? என்னன்னு சொல்லிட்டாவது போங்க.